மலைப்பாதையில் குழுவை நடத்தும் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ட்ரெக்கிங் (மலைநடை), பாறையேற்றம், ராஃப்டிங் (ஆற்றில் மிதவைப் படகுப் பயணம்) போன்ற சாகசப் பயணங்களில் குழுவை நடத்திச் செல்லும் பெண்களுக்கு எப்படி உதவுவது என்று பலர் கேட்கிறார்கள். கல்லூரிக் குழு நடத்துபவர்கள், பயண நிறுவனம் வைத்திருப்பவர்கள், மகளை மலைக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர், வழிகாட்டியாக வேலை பார்க்க ஆசைப்படும் இளம்பெண்கள் எல்லோரும் இதில் உண்டு. அவர்களுடைய கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். எனக்கு நெருக்கமானது மலை என்பதால் பேச்சு பெரும்பாலும் மலையைச் சுற்றியே இருக்கும்.

மலையேற வரும் பெண்கள் இப்போது நிறையவே இருக்கிறார்களே, பிறகு தனியாக ஆதரவு எதற்கு?

வருகிறவர்கள் நிறையப் பேர், உண்மைதான். வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கிளம்பும் குழுக்களைப் பார்த்தாலே தெரியும். ஆனால் மழை வலுத்தால் திரும்பிவிடலாம் என்று முடிவெடுப்பவர் யார், கயிறு கட்டுபவர் யார், ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் பொறுப்பேற்பவர் யார் என்று பாருங்கள். அங்கே பெண்களின் எண்ணிக்கை சட்டென்று குறைந்துவிடுகிறது.

தலைமை என்பது பயிற்சிச் சான்றிதழோடு கையில் வந்துவிடுவதில்லை, நடத்தி நடத்தித்தான் வரும். முதலில் வரிசையின் கடைசியில் நடந்து பின்தங்குகிறவர்களைப் பார்த்துக்கொள்வார்கள். பிறகு துணைத் தலைவர், பிறகு ஒருநாள் பயணங்களுக்குத் தலைவர், அப்புறம்தான் பெரிய மலை. ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது ஒருவர் "இந்த முறை நீ நடத்து" என்று சொல்ல வேண்டும். அந்த வாய்ப்பு பெரும்பாலும் நண்பர் வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது. இரவு டீக்கடையில் கூடிப் பேசும் அந்த வட்டத்தில் பெண்கள் இருப்பதில்லை. பெண்களுக்குத் தேவையான உதவி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மலைக்கு அழைத்துப்போவதோடு அது முடிந்துவிடக் கூடாது.

ஒரு பழைய கதை இருக்கிறது. அலாஸ்காவின் டெனாலி மலைக்குப் போக விரும்பிய ஆர்லீன் பிளம் என்ற அமெரிக்கப் பெண்ணுக்கு, பெண்கள் பேஸ் கேம்ப் வரை வந்து சமையலுக்கு உதவலாம் என்று பதில் வந்தது. 1970-இல் ஆறு பெண்கள் மட்டுமே கொண்ட குழு ஒன்று அதே மலையில் ஏறியது. அதற்குத் தலைவி கிரேஸ் ஹோமன், துணைத்தலைவி பிளம். உச்சியில் ஹோமன் உயர நோயால், அதாவது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் நோயால், சரிந்துவிட்டார். பிளம் பொறுப்பேற்று, அவரையும் மற்றவர்களையும் பத்திரமாகக் கீழே கொண்டுவந்தார். துணைத்தலைவி என்ற பொறுப்பு அவரிடம் முன்பே இருந்ததால்தான் அந்த நேரத்தில் யார் முடிவெடுப்பது என்ற குழப்பம் வரவில்லை.

நம் நாட்டில் இப்படி முன்னால் நின்ற பெண்கள் யார்?

பச்சேந்திரி பாலிலிருந்து தொடங்குகிறேன். உத்தரகாசிப் பக்கத்து நாகுரி கிராமத்தவர். 1984 மே 23 அன்று எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண். ஏறுவதற்குச் சில நாள் முன்பு நள்ளிரவில் பனிச்சரிவு முகாமை மூடியது, அவருக்குத் தலையில் அடி. பலர் திரும்பிவிட்ட பிறகும் அவர் தொடர்ந்தார். இவ்வளவும் பாடப்புத்தகத்தில் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நாம் போதுமான அளவு பேசுவதில்லை. 1993-இல் இந்திய நேபாளப் பெண்கள் எவரெஸ்ட் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்தப் பயணத்தில் 18 பேர் உச்சியைத் தொட்டார்கள், அவர்களில் 7 பேர் பெண்கள். அடுத்த ஆண்டு 18 பெண்களை மூன்று ராஃப்ட்களில் ஏற்றி ஹரித்வாரிலிருந்து கொல்கத்தா வரை கங்கையில் 2,155 கிலோமீட்டர் கூட்டிப்போனார், அதற்கு 39 நாள் ஆயிற்று. 1997-இல் எட்டுப் பெண்கள் கொண்ட குழுவோடு அருணாச்சலப் பிரதேசத்திலிருந்து சியாச்சின் வரை இமயமலையின் நீளத்துக்கும் நடந்தார். 225 நாள், ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர்.

இதெல்லாம் எப்படி முடிந்தது? அவருக்கு ஒரு வேலை இருந்தது. டாடா ஸ்டீல் நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் ஒரு சாகச அமைப்பைத் தொடங்கி அதை அவர் கையில் கொடுத்தது. 2019 வரை அவர் அங்கே இருந்தார். 48 வயதில் எவரெஸ்ட் ஏறிய பிரேமலதா அகர்வால், ஒரு காலை இழந்த பிறகு 2013-இல் எவரெஸ்ட் ஏறிய அருணிமா சின்கா இருவரும் அவரிடம் வளர்ந்தவர்கள். சாதித்த பெண்ணுக்குச் சால்வை போர்த்தி அனுப்பியிருந்தால் கதை 1984-உடன் முடிந்திருக்கும். மாதச் சம்பளமும் முடிவெடுக்கும் உரிமையும் கொடுத்ததால்தான் அடுத்த தலைமுறை வந்தது.

இன்னொருவர் ஹர்ஷ்வந்தி பிஷ்ட். 1981-இல் ரேகா சர்மா, சந்திரபிரபா ஐத்வால் இருவரோடும் நந்தா தேவி உச்சியைத் தொட்டவர். 2021-இல் இந்திய மலையேற்ற அறக்கட்டளையின் முதல் பெண் தலைவரானார். நந்தா தேவியிலிருந்து அந்த நாற்காலிக்கு வர 40 ஆண்டு ஆகியிருக்கிறது.

முறையான பயிற்சிக்கு எங்கே போவது?

டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கிய இமாலய மலையேற்றக் கழகம், உத்தரகாசியில் 1965-இல் தொடங்கிய நேரு மலையேற்றக் கழகம், மணாலியிலும் பஹல்காமிலும் உள்ள அரசுக் கழகங்கள். இவற்றில் எதற்குப் போனாலும் நல்லதுதான். அடிப்படைப் பயிற்சி கிட்டத்தட்ட நான்கு வாரம். அதில் ஏ கிரேடு வாங்கினால் மேல்நிலைப் பயிற்சி. அதிலும் ஏ கிரேடு வாங்கினால், பிறருக்குக் கற்றுத்தருவதற்கான பயிற்றுநர் பயிற்சி. மீட்புப் பணிக்குத் தனிப் பயிற்சி உண்டு. பெண்களுக்கென்றே தனித் தொகுதிகளும் நடக்கின்றன. இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், பல மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

உதவி செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடிப்படைப் பயிற்சிக்குப் பணம் கொடுக்க நிறையப் பேர் முன்வருகிறார்கள். தலைவராவதற்குத் தேவையான மேல்நிலைப் பயிற்சியும் பயிற்றுநர் பயிற்சியும் வரும்போது அந்தக் கைகளைக் காணோம். அதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்திருக்கும், அல்லது கல்யாணப் பேச்சு தொடங்கியிருக்கும். இன்னொரு மாதம் விடுப்புக் கேட்பது எளிதில்லை. உதவி அதிகம் தேவைப்படுவது அப்போதுதான்.

பெண்களுக்கு மட்டும் தனிப் பயிற்சி வேண்டுமா? எல்லோரும் சேர்ந்து கற்றால் ஆகாதா?

தொடக்கத்தில் தனியாக, பிறகு சேர்ந்து. இதுதான் என் கருத்து.

கலந்த குழுவில் ஒரு பெண் முடிச்சுப் போடச் சற்றுத் தடுமாறினால், பக்கத்தில் நிற்கும் ஆண் நல்லெண்ணத்தோடு கயிற்றை வாங்கிப் போட்டுவிடுவார். அடுத்த முறையும் அப்படியே. பயிற்சி முடியும்போது அந்தப் பெண் நிறையப் பார்த்திருப்பார், கையால் செய்தது குறைவாக இருக்கும். பெண்கள் மட்டும் இருக்கும் இடத்தில் கயிற்றை வாங்க ஆள் இல்லை, அவரே போட்டுத்தான் ஆக வேண்டும்.

நேபாளத்தின் பொக்ராவில் சேத்ரி சகோதரிகள் மூவர் செய்தது நல்ல உதாரணம். 1990-களில் அங்கே விடுதி நடத்திவந்த அவர்களிடம், ஆண் வழிகாட்டிகளால் தொந்தரவுக்கு ஆளான வெளிநாட்டுப் பெண்கள் வந்து சொல்லி அழுதிருக்கிறார்கள். சகோதரிகள் தாங்களே வழிகாட்டிகளானார்கள், பிறகு ஒரு ட்ரெக்கிங் நிறுவனமும் நேபாளப் பெண்களைப் பயிற்றுவிக்கும் தொண்டு நிறுவனமும் தொடங்கினார்கள். முதலுதவி, ஆங்கிலம், மலையின் இயல்பு, பயணிகளைக் கையாளும் விதம் எல்லாம் சொல்லித்தந்து, முடித்தவர்களை உதவி வழிகாட்டிகளாகச் சம்பளத்தோடு அனுப்பினார்கள். பயிற்சியும் வேலையும் ஒரே கூரையின் கீழ் இருந்ததுதான் அவர்களுடைய பலம்.

லடாக்கில் தின்லஸ் சோரோல் 2009-இல் தொடங்கிய பெண்கள் பயண நிறுவனமும் இப்படித்தான். பெண் வழிகாட்டியை வேலைக்கு எடுக்கப் பயண நிறுவனங்கள் தயங்கிய காலத்தில் அவர் தானே ஒன்றைத் தொடங்கினார். வழிகாட்டிகளும் பெண்கள், சுமை தூக்குபவர்களும் பெண்கள். இரவு தங்குவது கிராமத்து வீடுகளில் என்பதால், அந்த வீட்டுப் பெண்களுக்கும் வருமானம் போகிறது.

தனிப் பயிற்சியிலேயே நின்றுவிட்டால் இன்னொரு சிக்கல் வரும். பெண்கள் பெண்களை மட்டுமே நடத்தலாம் என்ற எழுதாத விதி உருவாகிவிடும். அதனால் இரண்டாம் கட்டத்தில் கலந்த குழுக்கள், கலந்த தலைமை. தயங்காமல் அங்கே நகர்த்துங்கள்.

உடல் வலிமை போதுமா? ஆபத்தில் ஒருவரைத் தூக்க வேண்டி வந்தால்?

குழுத்தலைவரின் முக்கியமான வேலை ஆட்களைக் கவனிப்பது. யார் பேச்சைக் குறைத்துவிட்டார், யார் சாப்பிடவில்லை, யாருக்குக் காலையிலிருந்து தலைவலி. உயர நோய் இப்படித்தான் தொடங்கும். 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது பொதுவிதி. "இன்னும் கொஞ்சம்தானே, போய்விடலாம்" என்று குழு முழுக்கச் சொல்லும்போது கூடாது என்று சொல்லி இறக்கிக்கொண்டு வருவதற்குத் தேவை மன உறுதியும் குழுவின் மதிப்பும். தோள் அகலத்துக்கு இதில் வேலையில்லை.

பாறையிலோ பனிப்பிளவிலோ விழுந்தவரை மேலே இழுப்பதைப் பொறுத்தவரை, எந்த ஆணும் வெறுங்கையால் அதைச் செய்வதில்லை. கயிற்றைக் கப்பிகளில் மடக்கி, இழுக்க வேண்டிய விசையை மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் குறைக்கும் முறையைத்தான் எல்லாப் பயிற்சிக் கழகங்களும் கற்றுத்தருகின்றன. ஸ்ட்ரெச்சர் தூக்குவது எப்போதுமே பலர் சேர்ந்து மாறி மாறிச் செய்யும் வேலை.

சுமையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 50 கிலோ எடையுள்ள ஒருவரும் 80 கிலோ எடையுள்ள ஒருவரும் ஒரே அளவு பொதி தூக்க வேண்டும் என்பது நியாயமில்லை. இது ஒல்லியான ஆண்களுக்கும் பொருந்தும். பொதுச் சாமான்களை உடல் எடைக்கேற்பப் பிரித்துக்கொடுங்கள். பெண் என்பதற்காகச் சலுகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், குழுவும் வேகமாக நடக்கும்.

மாதவிடாய், கழிப்பிடம் பற்றி வெளிப்படையாகச் சொல்லுங்களேன்.

கட்டாயம். இந்தக் கேள்வியைத்தான் பலர் கடைசியாக, தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள்.

மறைவிடம் இல்லாத மலைச்சரிவில் பெண்கள் செய்யும் முதல் காரியம் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது. உடல் வறண்டால் களைப்பும் தலைவலியும் வரும், உயர நோயின் அறிகுறியோடு அது குழம்பும், சிறுநீர்த் தொற்றும் வரலாம். குழுத்தலைவியே இப்படித் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு நாள் முழுக்க நடந்தால், மாலையில் முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் தளர்ந்துபோயிருப்பார். அதனால் கழிப்பிடத்தைக் குழுவின் பாதுகாப்போடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

செய்ய வேண்டியவை சின்னவைதான். முகாம் போட்டவுடன் முதலில் கழிப்பிடக் கூடாரம், பிறகுதான் மற்றவை. நடக்கும்போது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று, "பெண்கள் பாதைக்கு இந்தப் பக்கம், ஆண்கள் அந்தப் பக்கம், பத்து நிமிடம்" என்று தலைவரே சொல்லிவிட வேண்டும். யாரும் வாய்விட்டுக் கேட்கும் நிலை வரக் கூடாது. தலைவர் ஆணாக இருந்தாலும் அவர்தான் சொல்ல வேண்டும். கூச்சம் இல்லாமல் ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த நாளிலிருந்து அது சாதாரணமாகிவிடும்.

குழுவின் மருந்துப் பெட்டியில் நாப்கின், வலிமாத்திரை, கறுப்பு ஜிப் பைகள் இருக்க வேண்டும். பெட்டி எங்கே இருக்கிறது என்று முதல் நாளே எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். பயன்படுத்திய நாப்கினைப் புதைத்தால் விலங்குகள் தோண்டிவிடும், முகாம் தீயில் முழுதாக எரியாது. இரட்டைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவருவதுதான் வழி. மென்ஸ்ட்ருவல் கப் நல்லது, குப்பை இல்லை. ஆனால் கை கழுவச் சுத்தமான தண்ணீர் வேண்டும், ஊரிலேயே சில மாதம் பழகியிருக்கவும் வேண்டும். முதல்முறையாக மலையில் போட்டுப் பார்க்காதீர்கள். ஈரத் துடைப்பான் பனியில் கட்டியாகிவிடும், இரவில் ஸ்லீப்பிங் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை சாப்பிட நினைத்தால், உயரமான இடத்துக்குப் போகிறேன் என்று மருத்துவரிடம் சொல்லிக் கேட்ட பிறகே. சில ஹார்மோன் மாத்திரைகளால் ரத்தம் கட்டும் வாய்ப்புக் கொஞ்சம் கூடும்.

வலி அதிகமுள்ள நாளில் குழுத்தலைவி துணைத்தலைவரிடம் முன் நடையை ஒப்படைத்துவிட்டு நடுவில் நடக்கலாம். காய்ச்சல் வந்தால் எந்தத் தலைவரும் செய்வதுதான் இது.

ஹார்னஸ் (கயிற்றோடு உடலைப் பிணைக்கும் பட்டை), ரக்சாக் (முதுகுப்பை) எல்லாம் பெண்களுக்குத் தனியாக வருகிறதா?

வருகிறது. இடுப்புக்கும் தொடைக்கும் இடையே சற்று நீளமான ஹார்னஸ், முதுகு நீளம் குறைவான ரக்சாக், குறுகலான குதிகால் கொண்ட பூட்ஸ், மார்புப் பகுதி சரியாகப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட். பொருந்தாத ஹார்னஸ் மேலே நழுவும், பொருந்தாத லைஃப் ஜாக்கெட் தண்ணீரில் முகத்துக்கு ஏறிவிடும். பின்பக்கக் கொக்கியை மட்டும் கழற்றி இடுப்புப் பட்டையைக் கழற்றாமலே சிறுநீர் கழிக்க வசதியான ஹார்னஸ்களும் உண்டு. நிறுவனம் சாமான் வாங்கும்போது ஆண்களின் நடுத்தர அளவில் மொத்தமாக வாங்கும் பழக்கத்தை விட வேண்டும், அவ்வளவுதான்.

தொந்தரவு நடந்தால் என்ன செய்வது? காட்டுக்குள் சட்டம் செல்லுமா?

செல்லும். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் பணியிடம் என்பது அலுவலகக் கட்டடத்தோடு முடிவதில்லை. வேலை நிமித்தம் போகும் எந்த இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும்கூட அதில் அடங்கும். முகாமும் கூடாரமும் பணியிடம்தான். தினக்கூலி, தற்காலிக ஊழியர், பயிற்சி பெறுபவர், சம்பளமில்லாத தன்னார்வலர் எல்லோருக்கும் பாதுகாப்பு உண்டு. அங்கே வேலை பார்க்காத பெண்ணும், அதாவது பயணியாக வந்தவரும், புகார் கொடுக்கலாம்.

பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்தில் புகார்க் குழு கட்டாயம். அதன் தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனமானாலும், முதலாளி மீதே புகார் என்றாலும் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். நம் ட்ரெக்கிங் நிறுவனங்களில் பல சிறியவை என்பதால் இந்த இரண்டாவது வழியைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்க மூன்று மாதம் அவகாசம், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181.

சட்டம் இருக்கிறது, சரி. ஆனால் மலையில் ஐந்தாம் நாள் இரவு நடந்தால்? செல்போன் சிக்னல் இருக்காது. சாட்டிலைட் போனை இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். தொந்தரவு கொடுத்தவரோடு இன்னும் மூன்று நாள் நடந்தாக வேண்டும். அதனால் கிளம்பும் முன்பே ஏற்பாடு வேண்டும். குழுவில் பொறுப்பான பெண் ஊழியர் இருவராவது இருப்பது, யார் எந்தக் கூடாரத்தில் என்று எழுதி வைப்பது, தலைவர் மீதே புகார் என்றால் யாரிடம் சொல்வது என்று முதல் நாளே அறிவிப்பது, தேவைப்பட்டால் ஒருவரைத் துணையோடு கீழே அனுப்பும் அதிகாரத்தைத் துணைத்தலைவருக்குக் கொடுப்பது. பயணி ஒருவர் பெண் வழிகாட்டியிடம் வரம்பு மீறினால் பயணத்திலிருந்து நீக்கப்படுவார், பணம் திரும்பாது என்று பதிவுப் படிவத்திலேயே அச்சிடுங்கள். வாடிக்கையாளரை இழந்துவிடுவோமோ என்று பயந்து வாய்மூடும் நிறுவனத்தில் எந்தப் பெண்ணும் நிலைக்க மாட்டார்.

சம்பளத்தில் வித்தியாசம் இருக்கிறதா?

நேரடியாக "பெண்ணுக்குக் குறைவு" என்று யாரும் சொல்வதில்லை. வேலை ஒதுக்கீட்டில் வருகிறது வித்தியாசம். வழிகாட்டிகளில் பலர் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை, ஒவ்வொரு பயணத்துக்கும் இவ்வளவு என்று வாங்குபவர்கள். பள்ளிக் குழந்தைகள் முகாம், பெண்கள் மட்டும் போகும் பயணம், ஒருநாள் நடை எல்லாம் பெண்களுக்கு வரும். நாள் அதிகமான, கூலி அதிகமான, உச்சி ஏறும் பயணங்கள் ஆண்களுக்குப் போகும். பணத்தோடு அனுபவமும் போய்விடுகிறது. அடுத்த ஆண்டு "உங்களுக்கு 5,000 மீட்டர் அனுபவம் இல்லையே" என்று அதே நிறுவனம் சொல்லும்.

மருந்து எளிது. ஒவ்வொரு பயணத்துக்கும் தலைவர், துணைத்தலைவர், கடைசியில் வருபவர் என்று மூவருக்கும் கூலியை எழுதி எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். பருவத்தின் தொடக்கத்திலேயே யார் எந்தப் பயணம் என்று சுழற்சி முறையில் பிரித்துவிடுங்கள். பெண் வழிகாட்டிகளும் போன பயணம், உயரம், வானிலை, வகித்த பொறுப்பு, எடுத்த முடிவு என்று ஒரு நோட்டில் எழுதி, பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் மாறும்போது பேசப்போவது அந்த நோட்டுதான்.

வாடிக்கையாளர்கள் பெண் தலைவரை விட்டுவிட்டு ஆண் உதவியாளரிடமே கேள்வி கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

இதில் அந்த ஆண் உதவியாளர்தான் அதிகம் செய்ய முடியும். "அவங்கதான் லீடர், அவங்ககிட்ட கேளுங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். பதில் தெரிந்தாலும் சொல்லக் கூடாது. ஆபத்தான இடத்தில் இரண்டு குரல் எழுந்தால் குழு தடுமாறும். நிறுவனமும் கிளம்பும் முன் நடக்கும் கூட்டத்தில் தலைவரின் பயிற்சியையும் அனுபவத்தையும் சொல்லி, இறுதி முடிவு அவருடையது என்று அறிவித்துவிட வேண்டும்.

குழந்தை பிறந்த பிறகு திரும்பி வர முடியுமா?

1975-இல் எவரெஸ்ட் ஏறிய முதல் பெண், ஜப்பானின் ஜுன்கோ தபெய், அப்போது ஒரு சின்னப் பெண்ணுக்குத் தாய். பணம் திரட்டும்போது, வீட்டிலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொள் என்றுதான் அவரிடம் சொன்னார்கள். 1995 மே மாதம் செயற்கை ஆக்சிஜன் இல்லாமல், ஷெர்பா உதவியும் இல்லாமல் எவரெஸ்ட் ஏறிய பிரிட்டனின் அலிசன் ஹார்கிரீவ்ஸ், மூன்று மாதம் கழித்து கே2 மலையில் புயலில் இறந்தார். இரண்டு குழந்தைகளை விட்டுவிட்டு எப்படிப் போகலாம் என்று பத்திரிகைகள் எழுதின. மலையில் இறந்த எத்தனையோ தந்தைகளைப் பற்றி யாரும் அப்படி எழுதியதில்லை. அந்தச் சொற்களை இன்று படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

இங்கே நடைமுறைச் சிக்கல் பருவம்தான். இமயமலையில் மே ஜூனும் செப்டம்பர் அக்டோபரும் போனால் வருடத்தின் பெரும்பங்கு வருமானம் போயிற்று. நிரந்தர ஊழியருக்கு 26 வாரப் பேறுகால விடுப்பு உண்டு. பயணத்துக்கு இவ்வளவு என்று வாங்குபவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. அந்தக் காலத்தில் பயணத் திட்டமிடல், சாமான் பராமரிப்பு, புதியவர்களுக்கு ஊரிலேயே பயிற்சி, பதிவு வேலை போன்றவற்றைச் சம்பளத்தோடு கொடுக்கலாம். திரும்பி வரும்போது முதலில் ஒருநாள் நடை, பிறகு இரண்டு நாள் என்று கூட்டலாம். பழைய பொறுப்பு அவருக்காகக் காத்திருக்கிறது என்று எழுத்தில் கொடுத்தால் பலர் திரும்புவார்கள்.

வீட்டில் சம்மதிக்கவில்லை.

பெற்றோரின் பயத்தை ஏளனம் செய்யாதீர்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் நியாயமான கேள்விகள்: யாரோடு போகிறாய், எங்கே தூங்குவாய், ஏதாவது ஆனால் யார் சொல்வார்கள். பயணத் திட்டம், உடன் வருபவர் பெயர்கள், எந்த நாள் எங்கே சிக்னல் கிடைக்கும், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அப்பா அம்மாவை ஒருநாள் நடைக்குக் கூட்டிப்போய், மகள் குழு நடத்துவதைப் பார்க்க வையுங்கள். இது நன்றாக வேலை செய்கிறது. இலங்கையின் அறுகம் குடாவில் பெண்கள் அலைச்சறுக்குக் குழு தொடங்கியபோதும் எதிர்ப்பு முதலில் வீடுகளிலிருந்துதான் வந்தது. இன்று அதில் தாய்மார்களும் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் நிலைமை எப்படி?

உற்சாகமும் கவலையும் சேர்ந்தே இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே 23 அன்று எவரெஸ்ட் ஏறினார், தமிழ்நாட்டிலிருந்து ஏறிய முதல் பெண். பச்சேந்திரி பால் ஏறிய அதே தேதி. அக்கரையில், எவரெஸ்ட் ஏறிய முதல் இலங்கையர் யாரென்றால் ஜயந்தி குரு உதும்பால என்ற பெண், 2016-இல். அங்கே ஆண்களுக்கு முன்பே ஒரு பெண் போய்விட்டார்.

பொதிகை மலையின் அகத்தியர்கூடத்தில் பெண்கள் ஏறக் கேரளப் பக்கத்தில் தடை இருந்தது. 2018-இல் கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்தது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த உச்சியைத் தொட்டார். அங்கே வாழும் காணிப் பழங்குடிகளின் நம்பிக்கை சார்ந்த எதிர்ப்பும் இருந்தது. அவர்களோடு பேசிப் பேசித்தான் இதில் முன்னே போக வேண்டும்.

கவலை என்று சொன்னது குரங்கணியை நினைத்து. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில் ஏற்பட்ட அந்தக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பெண்கள். கோடையில் காய்ந்த புல்வெளி எப்படிப் பற்றும், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்த உள்ளூர் ஆள் ஒவ்வொரு குழுவுடனும் வேண்டும் என்று அந்த நாள் கற்றுத்தந்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டத்தில் 40 மலைப்பாதைகள் திறக்கப்பட்டு, உள்ளூர், பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். என் ஆசை ஒன்றுதான். தேன், கிழங்கு, விறகு என்று அந்தக் காட்டில் தினமும் நடக்கிற பழங்குடிப் பெண்களைச் சமையலோடு நிறுத்திவிடாமல், பாதையில் முன்னால் நடக்க வைக்க வேண்டும். யானை எந்த நேரம் எந்த ஓடைக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். தேவை முதலுதவிப் பயிற்சியும், ஒரு வாக்கி டாக்கியும், ஆணுக்குச் சமமான நாள்கூலியும்.

எங்களிடம் இருப்பது சின்ன நிதிதான். எதற்குச் செலவழிப்பது?

மகளிர் தினத்துக்கு 50 பெண்களுக்கு டி-ஷர்ட் கொடுத்து ஒரு குன்றில் ஏற்றும் திட்டத்தைத் தள்ளி வையுங்கள். ஏற்கெனவே அடிப்படைப் பயிற்சி முடித்து, இரண்டு வருடமாகத் துணைத்தலைவராகவே நிற்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கட்டாயம் ஒருவராவது இருப்பார். அவருடைய மேல்நிலைப் பயிற்சிக் கட்டணம், உத்தரகாசிக்கு ரயில் பேருந்துச் செலவு, காலுக்குப் பொருந்தும் ஒரு ஜோடி பூட்ஸ், அந்த ஒரு மாதம் இழக்கும் சம்பளம் ஆகிய நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். சம்பளத்தை மறந்துவிட்டுக் கட்டணத்தை மட்டும் கொடுத்தால் அவரால் போக முடியாது. திரும்பி வந்ததும், அடுத்த பருவத்தில் நான்கு பயணங்களுக்கு அவர்தான் தலைவர் என்று தேதி போட்டு முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிடுங்கள்.